அம்மா தனியாகப் பறக்கிறார்: விமான நிலைய இலவச வைஃபையை எவ்வளவு நம்பலாம்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு 68 வயது. முதல் முறையாகத் தனியாக, சென்னையிலிருந்து துபாய் வழியாக டொரோன்டோவுக்கு உங்களிடம் வருகிறார். கையில் ஒரு ஆண்ட்ராய்டு போன், இந்திய சிம். வாட்ஸ்அப் மட்டும் நன்றாகப் பழக்கம். "விமான நிலைய இலவச வைஃபையில் போனை ஹேக் செய்துவிடுவார்கள் என்கிறார்களே, அது பாதுகாப்பானதா, விபிஎன் போட்டுக் கொடுக்கட்டுமா?" என்பது நீங்கள் கேட்டது. (விபிஎன் என்பது போனிலிருந்து போகும் எல்லாவற்றையும் பூட்டி, வேறொரு நிறுவனத்தின் கணினி வழியாக இணையத்துக்கு அனுப்பும் செயலி.) ஆனால் கடைசி வரியில், "நடுவழியில் அவரோடு பேச முடியாமல் போனால் என்ன செய்வது என்று நினைத்தாலே தூக்கம் வரவில்லை" என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று படுகிறது. அதனால் அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். ஹேக்கிங் அப்புறம்.

விமான நிலையம், ரயில் நிலையம், மருத்துவமனை மாதிரி பொது இடங்களில் வைஃபை அமைப்பதும், அது படுத்துக்கொண்டால் எழுப்பி நிறுத்துவதும்தான் பல வருடங்களாக என் வேலை. இத்தனை வருடத்தில் ஹேக் ஆகிவிட்டது என்று வந்து நின்ற பயணிகளை விட, உள்ளேயே நுழைய முடியாமல் நின்றவர்களைத்தான் நூறு மடங்கு அதிகமாகப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலானோர் வயதானவர்கள், அல்லது வெளிநாட்டு சிம் வைத்திருந்தவர்கள். உங்கள் அம்மா வழியில் இரண்டாகவும் இருப்பார். எனவே கவலைப்பட வேண்டிய இடம் வைஃபையின் வாசல்.

வாசல் என்று சொல்வது, வைஃபையைத் தொட்டவுடன் திறக்கும் அந்த லாகின் பக்கத்தை. போன் ஒரு வைஃபையில் சேர்ந்ததும், இணையம் வருகிறதா என்று பார்க்கத் தன் நிறுவனத்தின் ஒரு சின்ன முகவரியைத் தட்டிப் பார்க்கும். ஆண்ட்ராய்டு கூகுளின் முகவரியைத் தட்டும், ஐபோன் ஆப்பிளின் முகவரியை. விமான நிலையக் கருவி அந்தத் தட்டலை வழிமறித்து, "முதலில் இங்கே வா" என்று தன் பக்கத்தைக் காட்டும். பெயர், மின்னஞ்சல், மொபைல் எண், ஓடிபி, விதிமுறைகளுக்குச் சம்மதம் எல்லாம் அங்கேதான். அதைத் தாண்டும்வரை சிக்னல் முழுதாகக் காட்டினாலும் ஒரு வாட்ஸ்அப் செய்தி கூடப் போகாது. "வைஃபை வந்துடுச்சு, ஆனா மெசேஜ் போகலையே" என்று அம்மா சொன்னால் பத்தில் எட்டு முறை காரணம் இதுதான்.

இந்தியாவில் இந்த வாசல் ஓடிபி கேட்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்னால் ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போனது. அது நவி மும்பையில் ஒருவர் வீட்டில் பூட்டில்லாமல் இருந்த வைஃபை வழியாக அனுப்பப்பட்டது என்று பின்னால் தெரிந்தது. அதற்குப் பிறகு 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, பொது இடத்தில் வைஃபை பயன்படுத்துகிறவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும், புகைப்பட அடையாளச் சான்றோ மொபைலுக்கு அனுப்பும் கடவுச்சொல்லோ வேண்டும் என்று உத்தரவு போட்டது. அந்த உத்தரவின் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதன் விளைவை நினைத்துப் பாருங்கள். இலவச வைஃபை யாருக்கு அதிகம் தேவை? உள்ளூர் சிம் இல்லாமல் வந்து இறங்குகிறவருக்கு. ஓடிபி யாருக்கு வராது? அதே ஆளுக்கு.

ஒரு முறை ஒரு விமான நிலையத்தில் நள்ளிரவு தாண்டி கருவிகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து கோயில்களுக்கு வந்துவிட்டுத் திரும்பும் ஒரு குழு புறப்பாட்டு வாயிலில் உட்கார்ந்திருந்தது. அதில் ஒரு அம்மா, மகனுக்குச் செய்தி அனுப்ப முடியாமல் அரை மணி நேரமாக அந்தப் பக்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய இலங்கை எண்ணை அந்தப் பக்கம் ஏற்கவே இல்லை. பத்து இலக்கம் இல்லை என்று சிவப்பு எழுத்தில் திட்டிக்கொண்டே இருந்தது. "தம்பி, இதில நான் என்ன பிழை செய்யிறன்?" என்று கேட்டார். அவர் மேல் ஒரு பிழையும் இல்லை. என் போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக் கொடுத்தேன், மகனோடு பேசினார். அந்தப் பக்கத்தை அமைத்த குழுவில் நானும் ஒருவன் என்பதால் அன்று மனது கனத்துவிட்டது. அதற்குப் பிறகு எந்த இடத்தில் வேலை எடுத்தாலும், பாஸ்போர்ட்டைக் காட்டினால் கூப்பன் எண் தரும் ஒரு மேசையோ கருவியோ இருக்க வேண்டும் என்று கேட்காமல் விட்டதில்லை. இப்போது பெரிய விமான நிலையங்கள் பலவற்றில் அப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது. பாஸ்போர்ட்டையோ போர்டிங் பாஸையோ வைத்தால் ஒரு சீட்டு வரும். ஆனால் அது எங்கே இருக்கிறது என்று அறிவிக்கும் பலகைதான் பெரும்பாலும் கண்ணில் படாது. தகவல் மேசையில் கேட்டால் காட்டுவார்கள்.

இனி உங்கள் அம்மாவின் வழியையே எடுத்துக்கொள்வோம். சென்னையில் பிரச்சினை குறைவு. இந்திய எண், ஓடிபி வரும். இலவசப் பயன்பாட்டுக்கு நேர வரம்பு இருக்கும் என்பதால் உள்ளே நுழைந்தவுடனே சேராமல், பாதுகாப்புச் சோதனை முடிந்து வாயிலுக்கு அருகில் உட்கார்ந்த பிறகு சேரச் சொல்லுங்கள். உண்மையில் சென்னையில் அவருடைய மொபைல் டேட்டாவே போதும், வைஃபை வேண்டியதில்லை.

துபாயில் இலவச வைஃபைக்கு நேர வரம்பு இல்லை. வேகமும் நன்றாக இருக்கும். ஆனால் நீங்கள் தெரிந்துகொண்டே ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் குரல் அழைப்பும் வீடியோ அழைப்பும் தடுக்கப்பட்டிருக்கின்றன. எழுத்துச் செய்தி போகும், படம் போகும், குரல் பதிவு போகும். அழைப்பு மட்டும் இணையாது, அல்லது இணைந்தாலும் சத்தம் வராது. இதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு முனையிலும் பதறியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இங்கே மகள் இருபது முறை அழைப்பார், அங்கே அம்மா போன் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அணைத்து அணைத்துப் போடுவார். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: துபாயில் பேச முடியாது, மைக் படத்தை அழுத்திப் பிடித்துக் குரலைப் பதிந்து அனுப்ப வேண்டும். அவருக்குக் குரல் பதிவு பழக்கம் இல்லை என்றால் இந்த வாரமே தினமும் நாலு அனுப்பச் சொல்லிப் பழக்குங்கள். விபிஎன் போடுவதை விடப் பெரிய உதவி இதுதான்.

விபிஎன் பற்றிக் கேட்டீர்கள். அந்த அழைப்புத் தடையைத் தாண்டத்தான் அது என்றால், வேண்டாம். அங்கே உள்ள இணையக் குற்றச் சட்டத்தின்படி, குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ விபிஎன் மாதிரி வழிகளைப் பயன்படுத்தினால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் விதிக்கலாம். மகளோடு பேசிய ஒரு மூதாட்டி மேல் அதைப் பாய்ச்சுவார்களா என்றால், நடக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நான் வலையமைப்பு வேலைக்காரன், வழக்கறிஞர் இல்லை. மூன்று மணி நேரக் காத்திருப்புக்காக அந்த ஆபத்தின் பக்கத்தில்கூட அவரைக் கொண்டுபோய் நிறுத்த மாட்டேன். தவிர, எப்போதும் இயங்கும்படி வைத்த விபிஎன் பல நேரம் அந்த லாகின் பக்கத்தையே திறக்க விடாது. தட்டலை வழிமறித்தால்தானே பக்கம் வரும்? விபிஎன் அந்தத் தட்டலை மூடிக்கொண்டு போய்விடும், அம்மா வெளியிலேயே நிற்பார். ஆண்ட்ராய்டில் தனிப்பட்ட டிஎன்எஸ் (Private DNS) என்று, தளப் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் சேவையைத் தேர்ந்தெடுக்கும் ஓர் அமைப்பு இருக்கிறது. அதில் யாராவது ஒரு முகவரியை எழுதி வைத்திருந்தாலும் இதே தொல்லைதான். அனுப்பும் முன் அதைத் தானியங்கிக்கு மாற்றி வையுங்கள்.

டொரோன்டோவில் இறங்கிய பிறகு குடியேற்றச் சோதனை, பெட்டி என்று நேரம் போகும். அங்கேயும் இலவச வைஃபை உண்டு. ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பெரிய விமானங்கள் இறங்கினால் எந்த விமான நிலையத்து வைஃபையும் திணறும். அது ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் சிக்னல் முழுதாக இருந்தும் இணையம் வராததுதான் மக்களை அதிகம் குழப்புகிறது. வைஃபை என்பது ஒரே அறையில் பலர் முறை வைத்துப் பேசுவது மாதிரி. ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையில் ஒருவர்தான் பேசலாம். பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடு ஒன்று மோதாத அலைவரிசைகள் மூன்றே மூன்று: 1, 6, 11. தூரத்தில் நின்று பலவீனமான சிக்னலில் பேசும் ஒரு போன், ஒரே செய்தியைச் சொல்ல நிறைய நேரம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் காத்திருக்க வேண்டும். மனித உடல் பெரும்பாலும் தண்ணீர் என்பதால் அலையை உறிஞ்சிவிடும். வெறும் கூடத்தில் அருமையாக ஓடிய அமைப்பு, ஐந்நூறு பேர் வந்து நின்றதும் பாதியாகிவிடும். இதற்கெல்லாம் கணக்குப் போட்டுத்தான் கருவிகளை வைக்கிறோம், ஆனாலும் நெரிசல் நேரத்தில் கணக்கு பொய்க்கும்.

அலைவரிசை மட்டும் இல்லை. பல வருடங்களுக்கு முன் நாங்கள் பராமரித்த ஓரிடத்தில் ஒவ்வொரு நாளும் மாலை ஏழு மணிக்கு மேல் புகார் குவியும். காலையில் போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். மூன்றாம் நாள் இரவு அங்கேயே உட்கார்ந்து பார்த்தபோதுதான் பிடிபட்டது. வைஃபையில் சேரும் ஒவ்வொரு போனுக்கும் ஒரு ஐபி முகவரி கொடுக்க வேண்டும். அது ரேஷன் கடை டோக்கன் மாதிரி. எங்களிடம் இருந்தவை 1,022 டோக்கன்கள். ஒரு போனுக்குக் கொடுத்த டோக்கனை 24 மணி நேரம் அதற்கே ஒதுக்கி வைத்திருந்தோம். பயணி காலையிலேயே பறந்து போயிருப்பார், அவருடைய டோக்கன் மட்டும் எங்கள் கணக்கில் இன்னும் அவர் பெயரில் இருக்கும். மாலைக்குள் டோக்கன் தீர்ந்துவிடும், புதிதாக வருகிறவருக்குச் சிக்னல் உண்டு, முகவரி இல்லை. ஒதுக்கும் நேரத்தை அரை மணியாகக் குறைத்தோம், புகார் அன்றே நின்றது. ஒரே ஒரு எண்ணை மாற்றினால் தீரும் விஷயம். அதற்காக எத்தனை பேர் எத்தனை நாள் வீட்டுக்குச் செய்தி சொல்ல முடியாமல் ஏறிப் போனார்கள் என்பது இன்னும் உறுத்துகிறது. அம்மாவுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: இணையம் வராவிட்டால் அவர் ஏதும் தவறு செய்துவிடவில்லை. வைஃபையை அணைத்து, ஒரு நிமிடம் விட்டு, கூட்டம் குறைவான பக்கம் கொஞ்சம் நடந்துபோய்த் திரும்பப் போடட்டும்.

சரி, இப்போது ஹேக்கிங். இதில் உறுதியாகச் சொல்லக்கூடியதையும் சந்தேகத்துக்கு உரியதையும் பிரித்துச் சொல்கிறேன். ஒரு காலத்தில் இந்தப் பயம் முழுக்க நியாயமானது. 2010 அக்டோபரில் ஃபயர்ஷீப் என்று ப்ரௌசரில் சேர்த்துக்கொள்ளும் ஒரு சின்ன நிரல் வெளியானது. அதை வைத்திருக்கும் எவரும், அதே திறந்த வைஃபையில் பக்கத்து மேசையில் இருப்பவரின் ஃபேஸ்புக் கணக்குக்குள் ஒரு சொடுக்கில் போய்விடலாம். கடவுச்சொல்கூட வேண்டாம். அதை எழுதியவர் திருடுவதற்காக வெளியிடவில்லை, நிறுவனங்களுக்கு இந்த ஆபத்து உறைக்கவில்லையே என்று காட்டத்தான் வெளியிட்டார். அது வேலை செய்தது. ஜிமெயில் அந்த வருடத் தொடக்கத்திலேயே முழு மறையாக்கத்துக்கு, அதாவது வழியில் பிடிப்பவருக்குப் புரியாதபடி பூட்டி அனுப்பும் முறைக்கு, மாறியிருந்தது. ஃபேஸ்புக் 2013-இல் எல்லோருக்கும் மாற்றியது. வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில், அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர யாரும் படிக்க முடியாத முறைக்கு முழுதாக வந்தது. 2018 ஜூலை முதல் குரோம், மறையாக்கம் இல்லாத தளங்களைப் பாதுகாப்பற்றவை என்று முகவரிப் பட்டையிலேயே எழுதிக் காட்ட ஆரம்பித்தது.

அதனால் இன்று உறுதியாகச் சொல்லலாம்: பக்கத்து நாற்காலியில் மடிக்கணினியோடு இருப்பவர் உங்கள் அம்மா அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியைப் படிக்க முடியாது, குரல் பதிவைக் கேட்க முடியாது. வங்கிச் செயலியில் போகும் கடவுச்சொல்லையும் காற்றிலிருந்து பிடிக்க முடியாது. பிடித்தாலும் கையில் கிடைப்பது குப்பை எழுத்துகள்தான். வைஃபையை நடத்துகிறவருக்குத் தெரிவது, இந்தப் போன் எந்தெந்தத் தளத்தோடு பேசியது, எவ்வளவு நேரம், எவ்வளவு டேட்டா என்பது மட்டும். விபிஎன் போட்டால் அதுவும் அவருக்குத் தெரியாது, ஆனால் விபிஎன் நடத்துகிறவருக்குத் தெரியும். நம்பிக்கை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கை மாறுகிறது, அவ்வளவுதான். இலவச விபிஎன் செயலிகள் பலவற்றை விட ஒரு விமான நிலையத்தை நம்புவதே மேல் என்பது என் கருத்து. இதில் என்னோடு முரண்படும் நல்ல நிபுணர்களும் இருக்கிறார்கள்.

சந்தேகத்துக்கு உரியது, நீங்கள் சேர்வது உண்மையிலேயே விமான நிலையத்தின் வைஃபைதானா என்பது. வைஃபைப் பெயருக்குப் பதிவுரிமை எதுவும் கிடையாது. நானும் ஒரு சின்னக் கருவியைப் பையில் வைத்துக்கொண்டு "ஏர்ப்போர்ட் ஃப்ரீ வைஃபை" என்று பெயர் வைத்து உட்கார்ந்துகொள்ளலாம். இது கற்பனை இல்லை. 2024-இல் ஆஸ்திரேலிய மத்திய போலீஸ், மேற்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒருவர் மேல் இதற்காகவே வழக்குப் போட்டது. பெர்த், மெல்போர்ன், அடிலெய்டு விமான நிலையங்களிலும், பறக்கும் விமானத்துக்குள்ளும் போலி வைஃபை நடத்தி, வந்து சேர்ந்தவர்களிடம் மின்னஞ்சல், சமூக ஊடகக் கடவுச்சொற்களைக் கேட்டு வாங்கினார் என்பது குற்றச்சாட்டு. விமானத்தில் சந்தேகப்படும்படி ஒரு வைஃபை தெரிகிறதே என்று அந்த விமான நிறுவன ஊழியர்கள் கவனித்துச் சொன்னதில்தான் அது வெளியே வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அவர் எந்த மறையாக்கத்தையும் உடைத்ததாகக் குற்றச்சாட்டு இல்லை. ஒரு பக்கத்தைக் காட்டிக் கேட்டார், மக்கள் தட்டச்சு செய்து கொடுத்தார்கள்.

உண்மையான வைஃபையின் வாசலும் கெட்டுப்போகலாம். அதே 2024 செப்டம்பரில் பிரிட்டனில் 19 பெரிய ரயில் நிலையங்களில் வைஃபையில் சேர்ந்தவர்களுக்கு லாகின் பக்கத்துக்குப் பதிலாக ஒரு மத வெறுப்புச் செய்தி காட்டப்பட்டது. அந்தச் சேவையைக் கொடுத்த நிறுவனம் ஒன்றின் ஊழியரே கைது செய்யப்பட்டார். பயணிகளின் தகவல் எதுவும் போகவில்லை என்றார்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி.

ஆக, ஆபத்து காற்றில் இல்லை, அந்த ஒரு பக்கத்தில் நாம் என்ன கொடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. அம்மாவுக்கு இப்படிச் சொல்லலாம்: அந்தப் பக்கம் பெயர் கேட்டால் கொடு, மொபைல் எண் கேட்டால் கொடு, எந்தக் கடவுச்சொல் கேட்டாலும் மூடிவிடு. கூகுள், ஃபேஸ்புக் கடவுச்சொல்லோ வங்கி விவரமோ கார்டு எண்ணோ இலவச வைஃபைக்குத் தேவையே இல்லை. ஏதாவது செயலியை இறக்கச் சொன்னாலும் அப்படியே. "இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று போன் எச்சரித்தால், பரவாயில்லை என்று தாண்டிப் போகக் கூடாது.

ஓடிபி விஷயத்தில் ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். போலி வாசல் ஒன்று மொபைல் எண்ணைக் கேட்டு வாங்கி, பின்னால் அதே எண்ணை வைத்து வேறொரு போனில் வாட்ஸ்அப்பைத் திறக்க முயன்றால், அம்மாவுக்கு வரும் ஆறு இலக்க எண் வைஃபைக்கானதாக இருக்காது, வாட்ஸ்அப்புக்கானதாக இருக்கும். அதை அந்தப் பக்கத்தில் அடித்தால் கணக்கு கைமாறிவிடும். அடுத்த அரை மணியில் "அவசரம், பணம் அனுப்பு" என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் செய்தி போகும். எஸ்எம்எஸ்ஸில் வாட்ஸ்அப் என்ற சொல் இருந்தால் அந்த எண்ணை எங்கேயும் எழுதக் கூடாது, யாருக்கும் சொல்லக் கூடாது. வாட்ஸ்அப் அமைப்புகளில் இரட்டைப் படிச் சரிபார்ப்பு என்று ஒன்று இருக்கிறது. இன்றே வீடியோவில் உட்கார்ந்து அவரைப் போட வைத்து, அதில் அவர் வைக்கும் ஆறு இலக்க ரகசிய எண்ணை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். அது இருந்தால் ஓடிபி தவறிப் போனாலும் கணக்கு போகாது.

வழியில் யாராவது வேறொரு போனைக் கொடுத்தால், ஐபோனாக இருந்தால், ஒரு சிறு தந்திரம். லாகின் பக்கம் ஒரு சின்னச் சாளரமாகத் திறக்கும். ஓடிபியைப் பார்க்க எஸ்எம்எஸ் செயலிக்குப் போனால் அந்தச் சாளரம் மூடி, வைஃபையும் விட்டுப்போய், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டி வரலாம். மேலே எட்டிப் பார்க்கும் அறிவிப்பிலேயே எண்ணைப் படித்துவிட வேண்டும். ஆண்ட்ராய்டில் இந்தத் தொல்லை குறைவு. அதில் லாகின் பக்கம் தானாகத் திறக்காவிட்டால் மேலிருந்து இழுத்தால், நெட்வொர்க்கில் உள்நுழையச் சொல்லும் அறிவிப்பு இருக்கும்.

இதையெல்லாம் வார்த்தையில் சொல்லிக் கொடுப்பதை விட ஒருமுறை செய்ய வைப்பது நல்லது. அதற்கு இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. தஞ்சாவூர் ரயில் நிலையத்தில், ரயில்வேயின் தொலைத்தொடர்பு நிறுவனமான ரெயில்டெல் நடத்தும் ரெயில்வயர் வைஃபை. 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் கூகுளோடு சேர்ந்து ஆரம்பித்தது, 2020-இல் கூகுள் விலகிக்கொண்ட பிறகும் ரெயில்டெல் தொடர்ந்து நடத்துகிறது, இப்போது நாடு முழுக்க 6,000-க்கும் மேற்பட்ட நிலையங்களில் இருக்கிறது. தினமும் முதல் அரை மணி நேரம் இலவசம், அதற்கு மேல் சிறு கட்டணம். அங்கேயும் இதே வாசல்தான்: எண், ஓடிபி, உள்ளே. உங்கள் உறவில் யாராவது ஒரு மாலை அம்மாவை அங்கே கூட்டிப்போய், மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அவர் கையாலேயே சேர்ந்து உங்களுக்கு ஒரு குரல் பதிவு அனுப்ப வைக்கட்டும். இரண்டாவது முறை அவரே செய்வார். பயம் பாதி அங்கேயே இறங்கிவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகும், வைஃபையை மட்டும் நம்பித் திட்டம் போட வேண்டாம் என்பதுதான் என் ஆலோசனை. பயண நாட்களுக்கு மட்டும் ஒரு சின்ன ரோமிங் பேக் போட்டுவிடுங்கள். அதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. ரோமிங்கில் டேட்டா பெரும்பாலும் சொந்த நாட்டு நிறுவனத்துக்கே போய் அங்கிருந்துதான் இணையத்துக்குள் நுழையும். அதனால் துபாயில் இருந்தாலும் வாட்ஸ்அப் அழைப்பு பல நேரம் போய்விடும். போகும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், முயன்று பார்க்கலாம். பேக் போடவில்லை என்றால் டேட்டா ரோமிங்கை அணைத்தே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டணம் எகிறும். ஆனால் சிம்மைக் கழற்றக் கூடாது, ரோமிங் வசதியையும் நிறுவனத்திடம் சொல்லி இயக்கி வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் ஓடிபி எஸ்எம்எஸ் வெளிநாட்டில் வரும்.

திரும்பும் பயணத்தையும் இப்போதே நினையுங்கள். ஆறு மாதம் உங்களோடு இருந்துவிட்டுப் போகும்போது அந்த இந்திய எண் உயிரோடு இருக்க வேண்டும். ப்ரீபெய்டு எண்ணில் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல், கணக்கில் 20 ரூபாயும் இல்லாமல் போனால் இணைப்பைத் துண்டிக்க நிறுவனத்துக்கு வழி இருக்கிறது. வாட்ஸ்அப், வங்கி, ஆதார் எல்லாம் அந்த எண்ணில்தானே நிற்கின்றன? டொரோன்டோவில் புது சிம் போட்டாலும் பழையதை மறக்காமல் ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள்.

கடைசியாக ஒரு சீட்டு. அம்மாவின் பாஸ்போர்ட் உறைக்குள் வைக்க, தமிழில், பெரிய எழுத்தில் எழுதுங்கள்: ஒவ்வொரு விமான நிலையத்தின் வைஃபைப் பெயர், அவரவர் இணையதளத்தில் அந்த வாரமே பார்த்துச் சரிபார்த்தது, ஏனென்றால் பெயரும் விதியும் மாறிக்கொண்டே இருக்கும். துபாயில் பேச்சு இல்லை, குரல் பதிவு மட்டும் என்று ஒரு வரி. கடிகாரம் அங்கே இந்தியாவை விட ஒன்றரை மணி நேரம் பின்னால் என்று ஒரு வரி. பின்பக்கத்தில் உங்கள் கனடா எண்ணை +1 சேர்த்து எழுதி, அதன் கீழே ஆங்கிலத்தில், "இது என் மகளின் எண், தயவுசெய்து நான் நலமாக இருக்கிறேன் என்று ஒரு செய்தி அனுப்புங்கள்" என்று எழுதி வையுங்கள். போன் அணைந்துபோனாலும், எந்த வாசலும் திறக்காவிட்டாலும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் அதை நீட்டலாம். இத்தனை வருடம் விமான நிலையங்களில் நின்றதில், அப்படி நீட்டிய கையை யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை.